பைக் என்ஜினுக்குப் போட்ட வெளிக் கம்பெனி பிஸ்டன் கிட் ஒரே மாதத்தில் போய்விட்டது. ‘மெக்கானிக் தப்பு’ என்கிறார்கள். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

வாங்கலாம். கிட்டுக்குக் கொடுத்த காசு வரும். லேபருக்கும் அலைச்சலுக்கும் ஆனது வருவது கஷ்டம். எனக்கு அப்படித்தான் நடந்தது. பதில் மட்டும் போதும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘மெக்கானிக் தப்பு என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்றிருப்பார், கம்பெனி வாங்கின கடையைக் கேளுங்கள் என்றிருக்கும், கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் மெக்கானிக்கைக் கைகாட்டியிருப்பார்கள். நீங்களும் இப்போது அவரை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். நீங்களும் அவரும் முட்டிக்கொண்டால் கம்பெனிக்கு வேலை மிச்சம்.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-லிருந்து 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, போர், அதாவது சிலிண்டரின் உள் அகலம், 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக்கும் 50. என் சித்தப்பா வைத்திருந்தது, அவருக்கு முழங்கால் போனபிறகு என்னிடம் வந்தது. வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு என்று போய் பாலாற்றைத் தாண்டணும். இதைத் தினமும் இந்த வண்டியில்தான் போகிறேன். ஷோவுக்கு வைத்திருக்கும் வண்டி இல்லை. இதைச் சொல்லவில்லை என்றால், ‘வாரத்துக்கு ஒரு நாள் எடுத்து முறுக்கியிருப்பார், அதான் போச்சு’ என்று யாராவது வந்து எழுதுவார்கள்.

என் பழைய பிளாக்கை, அதாவது சிலிண்டரை, 0.25 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 1.00 வரைக்கும் உள்ளே கடைந்து அகலமாக்கி போரிங் போட்டாகிவிட்டது. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் ஸ்லீவ் குழாயை மாற்றணும், இல்லையென்றால் புது பிளாக் கிட் போடணும். சென்னைக்குப் போன நேரத்தில் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் கிட் வாங்கினேன். பிளாக், பிஸ்டன், இரண்டு ரிங், பிஸ்டனைக் கோர்க்கும் பெரிய பின், அதைப் பிடிக்கும் சர்க்ளிப் எல்லாம் ஒரே பெட்டியில். யமஹா இல்லை, வெளிக் கம்பெனிதான், ஆனால் பேர் தெரிந்த கம்பெனி. பேரை இங்கே சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். “பில் வேணும்னா டாக்ஸ் தனி சார்” என்றார் கடையில். போட்டுக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். அந்தக் காகிதம்தான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

எனக்கு வண்டி பார்ப்பவர் மேல்விஷாரத்தில் ஒரு பாய். ஆர்எக்ஸ் வந்த காலத்திலிருந்து ஆர்எக்ஸ் என்ஜின் பிரிக்கிற ஆள். பெட்டியைப் பிரித்ததும் நேரே மாட்டிவிடவில்லை. பிளாக்குக்குள் விரலை விட்டு, சுவரில் இருக்கும் போர்ட் ஓட்டைகளின் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிளேடு மாதிரி இருக்கு தம்பி, இப்படியே போட்டா ரிங்கை சீவிடும்” என்று சொல்லி எமரி பேப்பர் போட்டு ஓரங்களை மழுக்க உட்கார்ந்தார். அதெல்லாம் கம்பெனியில் முடித்து அனுப்ப வேண்டிய வேலை. அப்புறம் ரிங்கை பிளாக்குக்குள் இறக்கி ஃபீலர் கேஜ் தகடு விட்டு முனைகளுக்கு நடுவில் கேப் பார்த்தார். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங்கின் இரண்டு முனையும் ரிங் பள்ளத்தில் இருக்கும் சின்ன பின்னுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நான் ஸ்டூல் போட்டு அங்கேயேதான் இருந்தேன். போனில் வீடியோகூட எடுத்தேன். ஆதாரத்துக்காக இல்லை, இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக.

நாலு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்லணும். ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியின் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் பொடிசாக ஒரு பின் இருக்கும். ரிங் சுற்றாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். பிளாக் சுவரில் போர்ட் ஓட்டைகள் இருக்கின்றன அல்லவா, ரிங் சுற்றினால் அதன் முனை ஏதாவது ஒரு ஓட்டையில் போய் மாட்டும். மாட்டினால் உடையும். அவ்வளவு சின்ன பின்னை நம்பித்தான் மொத்த என்ஜினும் ஓடுகிறது.

புது கிட் பழகுகிற ரன்னிங் பீரியடில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. 2டி ஆயிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே கலந்தேன். ஆயிரம் கிலோமீட்டர் நெருங்கும்போது, ரத்தினகிரி மலை தெரிகிற இடத்தில், என்ஜினுக்குள் கலகலவென்று ஒரு சத்தம். கிளட்சைப் பிடித்தேன், வண்டி அணைந்துவிட்டது. ஓரங்கட்டி உதைத்துப் பார்த்தால் கிக்கரில் கனமே இல்லை, காலோடு தொங்கிக்கொண்டு கீழே போகிறது. டாடா ஏஸில் ஏற்றி பாயிடம் கொண்டுபோனேன்.

பிளாக்கைத் தூக்கியதும் பாய் எதுவும் பேசவில்லை. பிஸ்டனைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். கீழ் ரிங் முழுசாக இருந்தது, அதன் பின்னும் இடத்தில் இருந்தது. மேல் ரிங் மூன்று துண்டு, அதில் ஒரு துண்டைக் காணோம். பின் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அந்த ஓட்டையைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஓரம் சிதையாமல், உருண்டையாக, அப்போதுதான் டிரில் போட்டது மாதிரி சுத்தமாக இருந்தது. அடிபட்டுப் பிய்ந்திருந்தால் அலுமினியம் கிழிந்திருக்கும். இது தானாகக் கழன்று போயிருக்கிறது. ஓட்டையைப் பெரிதாகப் போட்டுவிட்டார்களோ, பின்னைச் சரியாக இறுக்கி அடிக்கவில்லையோ, எதுவாக இருந்தாலும் ஃபாக்டரியில் நடந்தது. பிளாக் சுவரில் மேலிருந்து கீழ் வரை கோடு. காணாமல் போன துண்டு கிராங்க் பக்கம் போயிருந்தால் என்ன ஆவது என்று கிராங்க் கேஸையும் பிரித்தாகிவிட்டது. கிட் விலையைவிட வேலை பெரிதாகப் போனது இப்படித்தான்.

இப்போது கம்பெனி கதை. பெட்டியில் இருந்த நம்பருக்குப் போட்டால் இந்தியில் ஒருவர் எடுப்பார், தமிழ் தெரிந்தவர் திருப்பிக் கூப்பிடுவார் என்பார், அந்தத் தமிழ் தெரிந்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். நீல டிக் விழும், பதில் வராது. பிறகு பார்ட்ஸை மொத்தமாக கூரியரில் அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம் என்றார்கள். இந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸில் இருப்பவர் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர். “பொருள் உங்க கையை விட்டுப் போச்சுன்னா கேஸும் போச்சு” என்றார் அவர். அனுப்ப மாட்டேன், வேலூருக்கு ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று மெயில் போட்டேன்.

ஆள் வரவில்லை, பதில்தான் வந்தது. பயிற்சி இல்லாத மெக்கானிக் தவறாகப் பொருத்தியது ஒரு காரணமாம். ஆயில் போதாதது இரண்டாவது காரணமாம். மூன்றாவது, அதிக வெப்பமுள்ள பகுதியில் ஓட்டியதாம்! வேலூர்க்காரனிடம் வந்து வெயிலைச் சொல்கிறார்கள். இந்தியாவில் விற்கிற பார்ட்ஸுக்கு வெயில் ஆகாது என்றால் அதைப் பெட்டி மேலேயே போட்டிருக்கலாமே.

வெயிலைக்கூட விட்டுவிடலாம். ‘பயிற்சி இல்லாத மெக்கானிக்’ என்று எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாயிடம் காட்டியிருக்க வேண்டாம், ஆனால் மெயிலில் என்ன வந்தது என்று அவரே கேட்டார், படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “என் கையில தப்புன்னா சொல்லு தம்பி, என் காசுல செஞ்சு தர்றேன்” என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கிட் போனபோதுகூட வரவில்லை.

அவர் தப்பு இல்லை என்பதற்கு வீடியோகூட வேண்டாம், யோசித்தாலே தெரியும். ரிங் முனையைப் பின்மேல் ஏற்றி வைத்துவிட்டால் ரிங் பள்ளத்துக்குள் அமுங்கவே அமுங்காது, பிஸ்டன் பிளாக்குக்குள் இறங்காது. முரட்டுத்தனமாக இறக்கினாலும் முதல் உதையிலேயே ரிங் உடைந்துவிடும். அது எப்படி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்? ஆயில் போதாமல் பிஸ்டன் இறுகிப் பிடித்து சீஸ் ஆகியிருந்தால் பிஸ்டன் பக்கவாட்டில் அலுமினியம் உருகித் தேய்ந்து அப்பியிருக்கும். என் பிஸ்டனில் அப்படி எதுவும் இல்லை. இதையெல்லாம் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் உள் அகலம் அளக்கும் போர் கேஜை பிளாக்குக்குள் மேலே, நடுவில், கீழே என்று விட்டுப் பார்த்து, கண்ட அளவையும் பின் கழன்ற விவரத்தையும் தன் லெட்டர்ஹெட்டில் எழுதி சீல் போட்டுக் கொடுத்தார். உங்கள் வண்டி நாலு ஸ்ட்ரோக் என்றால் இந்தப் பின் சமாச்சாரம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் லேத்தில் அளந்து எழுதி வாங்குவது எந்த வண்டிக்கும் பொருந்தும்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போட்டுப் புகாரைப் பதிந்தேன். பில், வீடியோ, லேத் கடிதம், அவர்கள் அனுப்பிய மெயில், எல்லாம் சேர்த்து. அதுவரை இந்தி மட்டுமே பேசிய கம்பெனியிலிருந்து அழகான தமிழில் போன் வந்தது. வேறு கிட் அனுப்புகிறோம் என்றார்கள். அதே கிட்டை வைத்து நான் என்ன செய்ய? பணமாகக் கொடுங்கள், லேபரையும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். லேபர் வாரண்டியில் வராது என்று பெட்டிக்குள் இருந்த சீட்டைக் காட்டினார்கள். இழுத்தடித்துக் கடைசியில் கிட்டின் விலை மட்டும் அக்கவுண்டில் விழுந்தது. பாய் இரண்டாவது தடவை செய்த வேலைக்குக் காசே வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன்.

ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். நான் வக்கீல் இல்லை, தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்தது ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகணும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடணும். பார்த்தவுடன் தெரியாத குறை என்றால் ஆணையமே பொருளை சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அந்தப் பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் முதலில் நாம்தான் கட்டணும். கூரியரில் அனுப்பாதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான், சீல் வைப்பதற்குப் பொருள் உங்களிடம் இருந்தாகணும். லேபர் காசையும் அங்கே கேட்கலாம், கிடைக்கவும் கிடைக்கலாம். எனக்கு ஷிப்ட் வேலை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டால் கூலியைவிட லீவு கணக்குப் பெரிதாகும் என்று விட்டேன்.

வெளிக் கம்பெனிப் பார்ட்ஸே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட், கேபிள் எல்லாம் நானும் வெளியில்தான் வாங்குகிறேன். பழைய வண்டிக்கு வேறு வழியும் இல்லை. இந்த லட்சணத்தில் இருபது வருஷத்துக்கு மேலான வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025-ல் ஏற்றி பைக்குக்கு 2,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அது போகட்டும். அதைவிட எரிச்சல், காட்பாடியிலும் கிரீன் சர்க்கிளிலும் ஆர்எக்ஸ் சைலன்சரை வெட்டிவிட்டு ஊரையே எழுப்பிக்கொண்டு திரியும் பையன்கள். அவர்கள் செய்யும் கூத்துக்கு, லஞ்ச் பாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற என்னைப் போலீஸ்காரர்கள் நிறுத்தி சைலன்சரைக் குனிந்து பார்க்கிறார்கள். என்ன மாடல், எவ்வளவுக்கு வாங்கினாய் என்று பொறுக்கிகளிடம் கேட்பது மாதிரி கேள்வி வேறு. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது.

சரி, உங்கள் விஷயம். கழற்றிய பார்ட்ஸ் எதையும் பட்டறையில் போட்டு வைக்காதீர்கள், பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். கழுவவும் வேண்டாம். பெட்டி மேலிருக்கும் பேட்ச் நம்பரைப் போட்டோ எடுங்கள். பில் இல்லை என்றால் ஜிபே, போன்பே ரசீதாவது இருக்கிறதா பாருங்கள். போனில் பேசியதையெல்லாம் அன்றைக்கே ஒரு மெயிலாக அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மெக்கானிக்கிடம் நல்லபடியாகப் பேசி, என்ன பார்த்தார் என்று அவர் கையாலேயே இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அவரிடம் சண்டை போட்டுவிட்டுப் போய்க் கேட்டால் எழுதித் தருவாரா?

என் வண்டியில் இப்போது ஓடுவது புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த பழைய ஒரிஜினல் பிளாக், 0.50 போரிங் போட்டது. பிஸ்டன் மட்டும் வேறொரு கம்பெனி. மாட்டுவதற்கு முன் பாய் இரண்டு ரிங் பின்னையும் நகத்தால் நெம்பிப் பார்த்த பிறகுதான் கை வைத்தார். வண்டி விற்பனைக்கு இல்லை, தயவுசெய்து மெசேஜ் போடாதீர்கள்.