மூன்று மதிப்பெண்ணில் இரண்டை அழிக்கலாம்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு என்று சொல்லி அபிக்ஸபான் 5 மில்லிகிராம் காலை, இரவு கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் சீட்டில் 'ஹாஸ்-பிளெட் 3, ரத்தக்கசிவு அபாயம் அதிகம்' என்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினுக்கு மாறலாமா? கடைசியாகப் பார்த்தபோது மேல் அழுத்தம் 170. மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக் போடுகிறார், மற்றபடி தொந்தரவு இல்லை. - ஒரு வாசகி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபானின் வேலை ஒரு நாளிலேயே வடிந்துவிடும். அதற்குப் பிறகு பக்கவாதத்துக்கு எதிராக அப்பாவுக்குப் பாதுகாப்பே இல்லை.

கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ஈறு ரத்தம் அல்ல, போகிற போக்கில் நீங்கள் சொன்ன டைக்ளோஃபினாக். ஹாஸ்-பிளெட் என்பது ரத்தக்கசிவு அபாயத்தை அளக்கும் மதிப்பெண். அந்த 3 எப்படி வந்தது என்று பார்ப்போம். வயது 65-ஐத் தாண்டியதற்கு ஒன்று. மேல் அழுத்தம் 160-க்கு மேல் போனதற்கு ஒன்று. வலி மாத்திரைக்கு ஒன்று. வயதை யாராலும் குறைக்க முடியாது. மற்ற இரண்டையும் அடுத்த சில வாரங்களிலேயே அழித்துவிடலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பி.பி. மருந்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல் கோளாறு, பழைய பக்கவாதம், முன்பு ரத்தம் கசிந்தது, மது, வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு நிலையில்லாத ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) - இவையும் அந்தக் கணக்கில் வரும். அப்பாவுக்கு இவை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கு 2010-இல் வந்தது. எதைத் திருத்தலாம், யாரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. 2024-இல் வந்த ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல், ரத்தக்கசிவு மதிப்பெண்ணை வைத்து மருந்தைத் தொடங்குவதையோ நிறுத்துவதையோ முடிவுசெய்யக் கூடாது என்றே சொல்கிறது. சீட்டில் மொட்டையாக 'அபாயம் அதிகம்' என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் எல்லாரும் பயப்படத்தான் செய்வார்கள். பக்கத்தில் காரணத்தையும் எழுதியிருக்கலாம்.

தராசின் மறுதட்டையும் பாருங்கள். இந்தத் துடிப்புக் கோளாறு இருந்தால் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. அப்பாவுக்கு வயது, அழுத்தம், சர்க்கரை மூன்றும் அந்தப் பக்கமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஈறு ரத்தம் மென்மையான பிரஷுக்கும் பல் டாக்டருக்கும் அடங்கிவிடும். பக்கவாதம் அப்படி அடங்காது.

ஆஸ்பிரின் சாது என்ற நம்பிக்கை பலருக்கும் இருக்கிறது. 2011-இல் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பெரிய ரத்தக்கசிவு ஆண்டுக்கு அபிக்ஸபானில் 1.4 சதவீதம், ஆஸ்பிரினில் 1.2 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கவாதமும் உடலில் வேறிடம் போய் அடைக்கும் ரத்தக்கட்டியும் சேர்ந்து அபிக்ஸபானில் 1.6 சதவீதம், ஆஸ்பிரினில் 3.7 சதவீதம். ஆஸ்பிரினுக்கு மாறினால் கசிவும் குறையாது, பாதுகாப்பும் போய்விடும். பழைய சீட்டில் எழுதிய ஆஸ்பிரின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். இருந்தால் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பயத்தில் பாதி மாத்திரை கொடுப்பவர்களும் உண்டு. 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோ அல்லது அதற்குக் குறைந்த எடை, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.5 அல்லது அதற்கு மேல் - இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் 2.5 மில்லிகிராம். அப்பாவுக்கு வயது பொருந்தவில்லை. மற்ற இரண்டையும் சீட்டில் பாருங்கள். கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் வருடம் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

அப்புறம், மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், காலை வரை காத்திருக்காதீர்கள். போனதும் முதலில் அபிக்ஸபான் சாப்பிடுவதையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.