பனிக்காட்டில் தனிநடை: கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் அல்கோன்குவின் பூங்காவின் ட்ராக் அண்ட் டவர் பாதையைத் தனியாகச் சுற்றிவர ஆசை. கோடையில் மூன்று மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். கடையில் இருந்ததிலேயே தடித்த ஜாக்கெட்டை வாங்கிவிட்டேன். வேறென்ன வேண்டும்?

க.

அன்புள்ள க.,

அந்த ஜாக்கெட்டோடு நடக்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். பனிக்காட்டில் தனியாகப் போகிறவர் முதலில் அஞ்ச வேண்டியது தன் வியர்வையைத்தான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டுபோகும். நடந்துகொண்டிருக்கும்போது அது தெரியாது. படம் எடுக்க ஐந்து நிமிடம் நின்றால் பல் தந்தியடிக்கும்.

ஆகவே பருத்தித்துணி எதுவும் வேண்டாம், உள்பனியனும் காலுறையும் உட்பட. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். தடித்த ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும்; எங்கே நின்றாலும், குளிர் தெரிவதற்கு முன்பே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காரை விட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் உடை சரி என்று அர்த்தம். முதல் ஏற்றத்தில் உடம்பு சூடேறியதுமே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள், சோம்பல் வேண்டாம். இரண்டு காலுறை போட்டு ஷூவை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள்தான் முதலில் மரத்துப்போகும்.

கோடைக் கணக்கை மறந்துவிடுங்கள். தூரம் சுமார் 7.5 கிலோமீட்டர்தான். ஆனால் யாரும் மிதிக்காத புதுப்பனியில், ஸ்னோஷூ (கால் புதையாமலிருக்க ஷூவின் அடியில் கட்டும் அகலமான சட்டம்) போட்டிருந்தாலும், மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கணக்கில் வைக்காதீர்கள். அந்த வாரத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்கி, 12 மணிக்குள் பாதித் தூரம் வரவில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். நீங்கள் மிதித்த தடம் கெட்டியாகியிருக்கும், நடை சுலபம். காற்றடித்தால் அந்தத் தடமும் மூடிப்போகும். அதனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் அவசியம். பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. குளிரில் கைபேசி திடீரென்று அணைந்துபோகும், அதை உள்சட்டைப் பையில் வையுங்கள். இன்னொன்று: பழைய ரயில் தடம் ஒன்று மியூ லேக் பக்கம் பிரிந்துபோகிறது. அகலமான சமதளம், கால் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். பிரிவில் நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

உறைந்த ஏரிமேல் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். ஆள் நடக்கத் தெளிந்த ஐஸ் 10 சென்டிமீட்டராவது வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் அதைப்போல் இரு மடங்கு. ஓடை வந்து சேரும் இடத்திலும் பீவர் என்ற விலங்கு கட்டைகளால் கட்டிய அணை அருகிலும் அது மெலிந்துகிடக்கும். மேலே கிடக்கும் பனி அதை மறைத்துவிடும்.

தண்ணீர்ப் போத்தலைப் பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் தப்பிக்கும்.

மைனஸ் 20 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 33. திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். மூக்கு நுனி மெழுகுபோல் வெளுத்திருப்பதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால் அடிக்கடி மூக்கையும் கன்னத்தையும் சுருக்கிப் பாருங்கள். விறைத்திருந்தால் வெறுங்கையால் பொத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் கை செயலிழந்துகொண்டிருக்கிறது. ஜிப்பை இழுக்கவும் தீக்குச்சி உரசவும் முடியும்போதே உடையைக் கூட்டி, ஏதாவது சாப்பிட்டு, திரும்பி நடங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலே நடுக்கம் நிற்பது மிக மோசமான அறிகுறி.

கடும் குளிரில் காலடியில் பனி கிறீச்சிடும். நின்றால் அந்தச் சத்தமும் அடங்கி, காடு முழுக்க உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். அதற்காகவே போகலாம், கட்டாயம் போங்கள். ஆனால் கிளம்பும் முன் பாதையின் பெயர், கார் நிற்கும் இடம், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.