மலையாளத் தாளில் வாங்கிய கையெழுத்து: ஆணையத்துக்குத் தமிழில் எழுதலாமா?

கேள்வி: ஐயா, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. மகன் இளநீர் டெம்போ ஓட்டுகிறான். மூன்று வாரத்துக்கு முன் வண்டிச் சோதனையில் வாய்த்தகராறாகி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், 'பாண்டி' என்று தமிழரை இழிக்கும் சொல்லால் ஏசிக் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். மலையாளத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ராத்திரி விட்டார்கள். அவன் தமிழ் மீடியத்தில் படித்தவன், மலையாளம் பேசுவான், படிக்க வராது. மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழில் எழுதலாமா? எழுதினால் தொல்லை கூடுமா?

பதில்: தாராளமாக எழுதலாம், அம்மா. குறை தீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமோ தமிழரையும் கன்னடரையும் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது: தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் அவரவர் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரவேண்டும். ஆனால் உரிமை வேறு, வேகம் வேறு. மனு மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காமல் இருக்க, ஒரு பக்கத்தில் மலையாளச் சுருக்கமும் எழுதி வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

மொழியைவிட அவசரமானது கேமரா. ஸ்டேஷன்களில் சிசிடிவி பதிவை 18 மாதம், கருவியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடித்ததாகப் புகார் வந்தால் மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவை உடனே வரவழைக்கலாம் என்றும் சொன்னது. உத்தரவு ஓராண்டு சொல்கிறதே என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் அடிபட்ட காட்சி, தகவல் உரிமைச் சட்டத்தை வைத்து நெடுநாள் போராடி 2025 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. அதன் பிறகே சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆகவே உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், 'இந்த நேரத்துப் பதிவை வரவழைத்துப் பாதுகாக்கக் கோருகிறேன்' என்ற வரி, எல்லாம் வந்துவிட வேண்டும். அறைந்ததற்கு அப்புறம்தான் இடம்.

ஏசியதையும் விடாதீர்கள். சொன்ன சொல்லை, சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். 1993 மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உயிர், சுதந்திரத்தோடு சமத்துவத்தையும் கண்ணியத்தையும் சேர்த்தே சொல்கிறது. எல்லைப்புறத்தில் இதையெல்லாம் சகஜம் என்று நாமே துடைத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்தத் தாள் என்ன என்பது தெரிந்தாக வேண்டும். விசாரணையில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் என்றால் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக்கூடாது. பெட்டி கேஸ் எனும் சிறு குற்ற வழக்கின் ஒப்புதலாகவோ ஜாமீன் பத்திரமாகவோ இருந்தால் கதை வேறு. அந்தத் தாளின் நகல், ஸ்டேஷனின் அன்றாட நிகழ்வுகளைக் குறிக்கும் ஜெனரல் டைரியில் அன்றைய பதிவு இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வரவேண்டும். ஒரு வேடிக்கை: இந்த விண்ணப்பத்தை மட்டும் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில்தான் எழுத வேண்டும் என்கிறது சட்டம். மலையாளத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில். மாவட்டங்களிலும் அமர்வு நடத்துகிறார்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் மனு செல்லாது. மகன் மேல் கோர்ட்டில் கேஸ் இருந்தால் அதன் நியாய அநியாயத்துக்குள் போகாதீர்கள், ஸ்டேஷனில் நடத்தப்பட்ட விதத்தை மட்டும் எழுதுங்கள். ஆணையம் கேட்கும் அறிக்கை பெரும்பாலும் போலீஸ் துறையிலிருந்தே வரும். 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று அதில் இருந்தால் மனம் விட்டுவிடாமல் நகல் கேட்டு வாங்கி ஆட்சேபம் எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆணையம் இழப்பீடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைக்கலாம், தானே தண்டிக்க முடியாது. அரசு ஒரு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போலீஸ்காரர் மேல் நேரடியாகப் புகார் சொல்ல 2011 கேரள போலீஸ் சட்டத்தின்கீழ் மாவட்டப் போலீஸ் புகார் ஆணையமும் இருக்கிறது. டிஎஸ்பி வரைக்கும் அதன் வரம்பு. நானாக இருந்தால் கேமரா பதிவுக்காக மனித உரிமை ஆணையத்தில்தான் தொடங்குவேன்.

தொல்லை வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிப் போன் வந்தால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். அது கைக்கு வந்ததும் நகலை ஆணையத்துக்கு அனுப்பிவிட்டு, மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரோடு மகனை அனுப்புங்கள்.