100 எம்பிபிஎஸ் இருந்தும் படம் ஏன் சுற்றுகிறது?

இணையவழி டிவி பற்றி வந்த கேள்விகளில் சில, பதில்களுடன்.

கே: டிவியில் தடங்கல் இல்லாமல் படம் பார்க்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம் வேண்டும்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

ப: நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்), 1080பி தரத்துக்கு 5, 4கே தரத்துக்கு 15. யூடியூப் 480பி-க்கு 1.1, 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 20 என்கிறது. படத்தை எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கி அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். ஏவி1, எச்இவிசி போன்ற புதியவை அதே தெளிவைக் குறைந்த பிட்டுகளில் கொடுத்துவிடும். எச்.264 மட்டுமே தெரிந்த பழைய டிவிக்குக் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் ஒரு திரைக்கான கணக்கு. ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றைக் கூட்டிப் பாருங்கள். கூடத்தில் 4கே டிவிக்கு 20, இன்னொரு அறையில் 1080பி டிவிக்கு 5, ஒரு போனில் வீடியோவுக்கு 3, ஒரு வீடியோ அழைப்புக்கு 3. மொத்தம் 31. வேகம் ஏறி இறங்கும் என்பதால் அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 41. இந்த வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் திட்டம் தாராளம். 4கே இல்லாத, ஒரே டிவி உள்ள வீட்டுக்கு விட்டுவிட்டு வராத 10 எம்பிபிஎஸ்ஸே போதும். ‘விட்டுவிட்டு வராத’ என்பதுதான் இதில் முக்கியம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 2-க்கு விழுந்து எழும் 100-ஐவிட, அசையாமல் நிற்கும் 10 மேல்.

கே: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். கணினியில் கோப்பு இறக்கினால் 11, 12-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை. திட்டத்தில் இருப்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. சரியாகத்தான் வருகிறது.

கே: போனில் வேகம் சோதித்தால் 90 காட்டுகிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே கோளாறு?

ப: போன் எங்கே இருந்தது? ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த அளவு டிவிக்குப் பொருந்தாது. டிவியிலேயே பிரவுசரைத் திறந்து ஃபாஸ்ட்.காம் தளத்தில் சோதியுங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து வரும் வேகத்தைக் காட்டும். பிரவுசர் இல்லாவிட்டால் போனை டிவிக்குப் பின்புறம் ஒட்டிப் பிடித்துச் சோதிக்கலாம். பகலில் ஒருமுறை, தொல்லை வரும் நேரத்தில் ஒருமுறை எடுங்கள்.

அடுத்து, ஒரு மடிக்கணினியை லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகி, அதே இரவு ஒன்பது மணிக்குச் சோதியுங்கள். கேபிளிலும் வேகம் விழுந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. அந்த நேரத்தில் எல்லோரும் இணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பொதுப்பாதை நிரம்புகிறது. நேரத்தோடு குறித்த மூன்று நாள் அளவுகளுடன் புகார் கொடுங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

கேபிளில் சரியாக வந்து டிவியில் மட்டும் விழுந்தால் குற்றவாளி வைஃபை. பெரும்பாலும் இதுதான். டிவி 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அண்டை வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெரிசலாக நிற்கின்றன. இரவில் எல்லா வீட்டிலும் டிவி ஓடும்போது நெரிசல் முற்றும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பல வீடுகளில் தொல்லை அன்றே தீரும். ஆனால் அது சுவரைத் துளைப்பதில் பலவீனம். இரண்டு கான்கிரீட் சுவருக்கு அப்பால் 2.4-தான் நிற்கும். போனில் வைஃபை அளக்கும் செயலியைப் போட்டு டிவியருகே சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அல்லது அதைவிடச் சுழியத்துக்கு நெருக்கம் என்றால் நல்லது. மைனஸ் 75-ஐத் தாண்டினால் ரவுட்டரை இடம் மாற்றாமல் வேறு வழியில்லை.

ரவுட்டரை அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அதை டிவியின் முதுகில் ஒட்டியபடி செருகுவதால் திரையின் உலோகமே சிக்னலை மறைக்கும். எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளில் ஸ்டிக்கைச் சற்று வெளியே இழுத்துவிட்டால் வித்தியாசம் தெரியும். டிவியில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். கழற்றிப் பாருங்கள்.

ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) வாங்குபவர்கள் அதை சிக்னல் வராத அறையிலேயே வைக்கிறார்கள். அங்கே அதற்கும் சிக்னல் வராது. பாதி வழியில் வைக்க வேண்டும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் வாங்கியதையே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கே: இதற்கெல்லாம் பதில் கேபிள்தான் என்று லேன் இழுத்தேன். 300 எம்பிபிஎஸ் திட்டம், டிவியில் 94-க்கு மேல் ஏறவில்லை. கேபிள் பழுதா?

ப: கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். விலை உயர்ந்த டிவிகளில்கூட லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வகைதான். 94 என்பது அதன் உச்சம். 4கே ஓட 20 போதும் என்பதால் கவலை இல்லை. வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து, வட்டில் இருந்தபடியே மேலும் சுருக்காமல் எடுத்த 4கே ப்ளூரே கோப்பை ஓட்டுபவர்களுக்கு மட்டும் இது இடிக்கும். அவற்றில் சில காட்சிகள் 100-ஐத் தாண்டும். கணினியிலும் 94-தான் வருகிறது என்றால் கதை வேறு. கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று சரியாகப் பதியாவிட்டால் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புதிய பிளக்கை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்).

கே: மகள் போனிலிருந்து வீடியோக்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கினால் டிவி நிற்கிறது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம்?

ப: இருக்கிறது. படம் இறங்கும்போது ‘வந்து சேர்ந்தது’ என்ற சிறு ஒப்புதல்களை டிவி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏற்றும் பாதை நிரம்பினால் அந்த ஒப்புதல்கள் மோடத்தின் வரிசையில் மாட்டிக்கொள்ளும். ஒப்புதல் தாமதமானால் சர்வர் அனுப்புவதைக் குறைக்கும். ஏற்றம் நடக்கும்போது கணினியில் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். 20 மில்லிசெகண்டாக இருந்தது சில நூறாக எகிறினால் இதுதான் காரணம். ரவுட்டரில் எஸ்கியூஎம் அல்லது கியூஓஎஸ் (வரிசையில் நெரிசல் சேராமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள்) இருந்தால் ஏற்ற வேக வரம்பை, நீங்கள் அளந்ததில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஏற்றுவதைத் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுவதே எளிது.

கே: படம் தொடங்கும்போது மங்கலாக இருந்து பிறகு தெளிகிறது. விளையாட்டு நேரலையில் மட்டும் நடுவிலும் மங்குகிறது.

ப: ஒரே படத்தைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். செயலி சில நேரம் தாழ்ந்த தரத்தில் தொடங்கி, வேகத்தை அளந்து மேலே ஏறும். தொடக்க மங்கல் நோய் அல்ல. சினிமாவில் வரப்போகும் துண்டுகளை முன்கூட்டியே இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் சிறு இடறல் வெளியே தெரியாது. நேரலையில் இன்னும் நடக்காததை இறக்கி வைக்க வழியில்லை. சேமிப்பு சில விநாடிகளே இருக்கும். அதனால்தான் நேரலைக்கு, மற்றவற்றைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு வேகத்தைக் கணக்கிட வேண்டும்.

கே: 4கே டிவி, 100 எம்பிபிஎஸ். இருந்தும் எச்டி-தான் வருகிறது.

ப: உங்கள் சந்தா 4கே அடங்கியதா, செயலியில் படத்தரம் ‘தானியங்கி’ அல்லது ‘உயர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப் பெட்டியை இணைத்திருந்தால் எச்டிஎம்ஐ போர்ட்டும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்பதாக இருக்க வேண்டும். சில டிவிகளில் எல்லா போர்ட்டும் அப்படி இருப்பதில்லை. இடையில் பழைய சவுண்ட்பார் இருந்தால் அதைக் கழற்றி நேராகச் செருகிப் பாருங்கள்.

கே: மாத டேட்டா வரம்பு உள்ள திட்டம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு போகும்?

ப: எம்பிபிஎஸ்ஸை 0.45-ஆல் பெருக்குங்கள். ஜிபி கிடைக்கும். 5 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 2.25 ஜிபி, 15-இல் 6.75. தினம் மூன்று மணி நேரம் 4கே பார்த்தால் முப்பது நாளில் 600 ஜிபி தாண்டும். வரம்பு தீர்ந்ததும் வேகத்தை 1 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கும் திட்டமானால், மாதக் கடைசியில் டிவி 480பி-க்குத் தானே இறங்கிவிடும். செயலியில் 1080பி-க்கு மேல் போகாதபடி பூட்டினால் அதே மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 200 ஜிபி-தான் ஆகும்.