ஐப்பசி, கார்த்திகையில் நாற்றங்கால் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் நாற்று வளர்த்துச் சிறிய அளவில் விற்பனை செய்கிறேன். ஆடியில் நன்றாக வந்த கத்தரி, மிளகாய் நாற்றுகள், ஐப்பசி மழை தொடங்கியதும் முளைத்த சில நாட்களிலேயே திட்டுத் திட்டாகச் சாய்ந்துவிடுகின்றன. இலை பச்சையாகவே இருக்கிறது. விதைதான் சரியில்லையா? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: விதையைக் குறை சொல்ல வேண்டாம். சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். அந்த இடம் மட்டும் நீர் கோத்துப் பழுப்பேறி இளைத்திருந்தால், அது நாற்றழுகல் நோய். பித்தியம் முதலான மண்வாழ் நோய்க்கிருமிகளால் வருவது இது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுவதால், ஆடியில் போதுமானதாக இருந்த வடிகால் இப்போது போதாது. நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காமல் போக, கிருமிக்கோ அதுவே கொண்டாட்டம்.

எனவே, மருந்தைத் தேடும் முன் பாத்தியை மேட்டுப்பாத்தியாக மாற்றுங்கள். குழித்தட்டுகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். விதையை நெருக்கமாகத் தூவ வேண்டாம். விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்க்கிருமியை அடக்கும், நன்மை செய்யும் பூஞ்சை) என்ற அளவில் கலந்து விதைப்பது நல்ல தற்காப்பு. நோய் கண்டுவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து வேர்ப்பகுதி நனையுமாறு ஊற்றலாம். ஆனால் டிரைக்கோடெர்மா இட்ட பாத்தியில் உடனே இதை ஊற்றினால், நீங்கள் இட்ட நன்மை செய்யும் பூஞ்சையே அடிபட்டுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நிழல்வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலரும் அதை மழைக்கான கூரையாக எண்ணிக்கொள்கிறார்கள். அது மழையைத் தடுப்பதில்லை. மேகமூட்டமான நாட்களில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் குறைத்து, நாற்றை வெளிறி நெட்டையாக வளரச் செய்துவிடும். தொடர்மழை நாட்களில் வலையைச் சுருட்டிவிட்டு, பக்கவாட்டில் காற்றோடும்படி பாலித்தீன் விரிப்பை வளைவாகக் கட்டுவதே மேல்.

கேள்வி: குண்டுமல்லியை எப்போது கவாத்து செய்ய வேண்டும்? மழை தொடங்கும் முன்பே வெட்டிவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அவசரப்பட வேண்டாம். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரமே ஏற்ற காலம். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, காய்ந்த கிளைகளையும் நோயுற்ற கிளைகளையும் அடியோடு நீக்கிவிட்டுத் தொழுவுரம் இடுங்கள். புதிய தளிர்களில்தான் பூ பிடிக்கும் என்பதால், இந்த வெட்டே பங்குனி, சித்திரைப் பூவுக்கு அடித்தளம். சாதிமல்லிக்கு டிசம்பர் கடைசியும், முல்லைக்கு ஜனவரி கடைசியும் உரியவை. மூன்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளுவது வேலைக்குச் சுலபம், செடிக்கு அல்ல.

கேள்வி: இந்த மழையில் ஒட்டு மாங்கன்று வாங்கி நடலாமா? நர்சரியில் எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், செய்யாறு)

பதில்: தாராளமாக நடலாம், நீர் தேங்காத இடமாக இருந்தால். மழைக்காலத்தில் எந்த நர்சரியிலும் எல்லாச் செடியும் தளதளவென்றுதான் தெரியும். ஆகவே இலையை விட்டுவிட்டு ஒட்டுப் பகுதியை, அதாவது அடியிலுள்ள வேர்ச்செடியும் மேலே ஒட்டிய ரகமும் இணையும் இடத்தைப் பாருங்கள். அது வீக்கமோ விரிசலோ இன்றி நன்கு கூடியிருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர் கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் துளிர். கிள்ளி எறியாவிட்டால் நாளடைவில் அதுவே மேலோங்கி, நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் ஒடுங்கிவிடும். அடுத்து, பையைத் தூக்கும்போது கவனியுங்கள். நெடுநாள் ஒரே இடத்தில் கிடந்த பையின் துளை வழியே வேர் தரைக்குள் இறங்கியிருக்கும். தூக்கியதும் அது அறுபடும். அப்படிப்பட்ட கன்று நட்ட பின் வாடி நிற்கும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் அளவுள்ள குழியில் மேல்மண்ணையும் 10 கிலோ தொழுவுரத்தையும் கலந்து நிரப்பி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்குமாறு நட்டு, காற்றில் ஆடாதபடி குச்சி ஊன்றிக் கட்டுங்கள். மழை ஓய்ந்த ஒவ்வொரு முறையும் குழி மண் இறங்கிப் பள்ளமாகும். உடனுக்குடன் மண் அணைத்து மேடாக்கிவிடுங்கள்.