யாங்ஷுவோவுக்கு முதுகுப்பையோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதைச் சீனா மறுபடி தொடங்கியதிலிருந்து யாங்ஷுவோ பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. தெரியாதவர்களுக்காக ஒரு வரி: தென்சீனாவின் குவாங்ஷி பகுதியில், குய்லின் நகரத்துக்குத் தெற்கே, லீ ஆற்றங்கரையில் இருக்கிற சிற்றூர் அது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நெல்வயலிலிருந்து நேராக எழும்பி நிற்கும். குய்லின் வட்டாரத்தின் இந்தக் குன்றுகளை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குய்லினில் காலையில் கப்பல் ஏறி, மதியம் யாங்ஷுவோவில் இறங்கி, மேற்குத் தெருவைப் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம் என்கிறார்கள். ஒரு நாள் போதுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

போதாது. அப்படிப் போய் வந்தவர்கள்தான் "ஒரே கூட்டம், கடைகள், இரைச்சல்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். மேற்குத் தெருவில் மாலையானால் நடக்கவே இடம் இருக்காது. பாட்டுச் சத்தம், பீர், நினைவுப்பொருள் கடை என்று எல்லாச் சுற்றுலா ஊரிலும் இருப்பதுதான் அங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்தத் தெருவை மட்டும் பார்த்துவிட்டு யாங்ஷுவோவைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்பது என் திடமான கருத்து.

ஊர் மையத்திலிருந்து சைக்கிளில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் யூலோங் ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். லீ ஆற்றின் கிளையாறு இது. அகலம் குறைவு, ஓட்டமும் மெதுவு. கரையோரமாக வயல், மூங்கில் புதர், குன்று, அடுத்த வளைவில் இன்னொரு குன்று. 1412-ல், மிங் அரசர்கள் காலத்தில் கட்டிய யூலோங் கல்பாலம் இன்னும் அப்படியே நிற்கிறது. பிற்பகலில் ஊர் மக்கள் அதன் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பகல் பயணிகள் கிளம்பிப் போன பிறகும், காலையில் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பும் இந்தக் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். அங்கே இரவு தங்காவிட்டால் அது கிடைக்காது.

ஆகவே குறைந்தது மூன்று இரவு வையுங்கள். இரண்டு இரவு யூலோங் கரைக் கிராமம் ஒன்றில். ஜியுஷியான் பக்கமும் யூலோங் பாலத்துப் பக்கமும் நல்ல சிறு விடுதிகள் உண்டு. மூன்றாவது இரவு லீ ஆற்றங்கரையில் இருக்கிற ஷிங்பிங் என்ற பழைய ஊரில். சீனாவின் 20 யுவான் நோட்டின் பின்பக்கம் இருக்கிற ஆற்றுக் காட்சி ஷிங்பிங் பக்கத்தில்தான். எல்லோரும் நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய கல் பாவிய தெருவில் நடந்து ஆற்றோரம் போய் உட்காருங்கள்.

குய்லினிலிருந்து வரும் கப்பல் பயணம் 83 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம். வயதானவர்களோடு போனால் வசதி. முதுகுப்பைப் பயணிக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். அந்தப் பாதையில் ஆகச் சிறந்த பகுதி யாங்டி என்ற ஆற்றோர ஊரிலிருந்து ஷிங்பிங் வரை உள்ளதுதான். அதைத் தெப்பத்திலோ நடந்தோ, குறைந்த செலவில் பார்க்கலாம்; கீழே சொல்கிறேன்.

சென்னையிலிருந்து போக எது நல்ல வழி? விசா ஒரு முறை நுழைவா, இரண்டு முறையா? (சென்னை வாசகி)

ஹாங்காங் வழி எனக்குப் பிடித்தது. ஹாங்காங்கின் மேற்கு கவுலூன் நிலையத்திலிருந்து குய்லின் பக்கம் போகும் அதிவேக ரயில்கள் உண்டு. நிலையத்துக்குள்ளேயே இரு பக்கக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். குவாங்சோவில் இறங்கினால் குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து யாங்ஷுவோவுக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கவனிக்க வேண்டியது இதுதான். ஹாங்காங்குக்குத் தனிக் குடிநுழைவு விதி. சீன விசாவோடு அதற்குச் சம்பந்தமில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஹாங்காங்குக்கு முன்பதிவு ஒன்றை இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ள வேண்டும். அதை வைத்து 14 நாள் வரை தங்கலாம். ஹாங்காங்கில் இறங்கி, சீனாவுக்குள் போய், திரும்ப ஹாங்காங் வந்து ஊருக்குக் கிளம்பினால் ஒரு முறை நுழைவு விசா போதும். குவாங்சோவில் இறங்கி, நடுவில் ஹாங்காங்கைப் பார்த்துவிட்டு, மறுபடி குவாங்சோ வந்து விமானம் ஏறுவதாக இருந்தால் அது இரண்டாவது நுழைவு. ஒரு முறை விசாவை வைத்துக்கொண்டு அப்படித் திட்டம் போட்டால் ஹாங்காங்கிலேயே மாட்டிக்கொள்வீர்கள். டிக்கெட் போடும் முன் பாதையைத் தாளில் வரைந்து, சீன எல்லையை எத்தனை முறை தாண்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

யாங்ஷுவோ ரயில் நிலையத்தில் இறங்கி விடுதிக்கு நடந்தே போகலாமா? (ஈரோடு வாசகர்)

முடியாது. பெயர்தான் யாங்ஷுவோ, நிலையம் இருப்பது ஷிங்பிங் பக்கம். யாங்ஷுவோ ஊருக்குள் வர சுமார் 30 கிலோமீட்டர். வெளியே பேருந்து நிற்கும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆகவே முதல் இரவையோ கடைசி இரவையோ ஷிங்பிங்கில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். நிலைய வாசலில் வந்து சூழ்ந்துகொள்ளும் கார்க்காரர்களிடம் தலையாட்டிவிட்டு நேராகப் பேருந்துக்குப் போங்கள்.

நாங்கள் சைவம். முட்டை சாப்பிடுவோம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (மதுரை வாசகி, கணவருடன் போகிறார்)

கிடக்க வேண்டாம். ஆனால் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். ஊரின் பெயர்பெற்ற உணவு பீர் மீன்: ஆற்றுமீனைத் தக்காளி, மிளகாயோடு பீர் ஊற்றி வேகவைப்பார்கள். அதைத் தவிர்ப்பது சுலபம். சிக்கல், பார்வைக்குச் சைவமாகத் தெரிகிறவற்றில்தான். குய்லின் அரிசி நூடுல்ஸ் தெருவுக்குத் தெரு, பத்து யுவானை ஒட்டிய விலையில் கிடைக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். மேலே ஊற்றும் சாறு எலும்பும் இறைச்சியும் போட்டுக் காய்ச்சியது. கத்தரிக்காய், பீன்ஸ் பொரியல்களில் கொத்திய பன்றி இறைச்சி போடுவது வழக்கம். கீரையைக்கூடச் சில சமையல்கட்டுகளில் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். யாங்ஷுவோவில் காய், தோஃபு, நத்தை என்று பலவற்றுக்குள் பூரணம் அடைத்து வேகவைக்கும் வகைகள் உண்டு. பூரணம் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான்.

அதனால் "நான் சைவம்" என்ற ஒற்றை வரியை நம்பாதீர்கள். "இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம். தாவர எண்ணெய் போதும். முட்டை சாப்பிடுவோம்" என்று முழுதாகச் சீனத்தில் மொழிபெயர்த்துக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் காட்டினால் சமையல்காரரே வந்து என்னென்ன செய்ய முடியும் என்று காட்டுவார். வயலிலிருந்து அன்றே வந்த காய்கறி நிறைய இருக்கிற ஊர் அது. தக்காளி முட்டைப் பொரியல், பூண்டு போட்ட வள்ளைக்கீரை, மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கு வறுவல், தோஃபு, வெறும் சோறு, இவ்வளவும் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். குய்லினின் மிளகாய் விழுது பெயர்பெற்றது, சோற்றோடு அருமையாகச் சேரும். பக்கத்து லிபு வட்டாரத்துச் சேப்பங்கிழங்கு சீனா முழுக்கப் பிரபலம், வேகவைத்துக் கேளுங்கள். இலையுதிர் காலத்தில் போனால் வழியெல்லாம் பம்பளிமாஸ் விற்பார்கள். மகன் மகள் கட்டிக்கொடுத்த ஊறுகாய், பொடி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், தப்பில்லை.

மூங்கில் தெப்பம் எங்கே ஏறுவது? லீ ஆற்றிலா, யூலோங்கிலா? (திருச்சி வாசகர்)

இரண்டும் வேறு வேறு அனுபவம். லீ ஆற்றில் யாங்டி, ஷிங்பிங் பக்கம் ஓடுவது மூங்கில் தெப்பமே இல்லை. பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி மோட்டார் வைத்தது. சத்தம் இருக்கும். ஆனால் ஆறு அகலம், குன்றுகள் பெரிசு, ஒன்பது குதிரைக் குன்று மாதிரி பேர்போன பாறைமுகங்கள் வருவது அந்தப் பாதையில்தான். யூலோங்கில் ஓடுவது நிஜ மூங்கில். ஒரு தெப்பத்துக்கு இரண்டு பேர், பின்னால் ஓட்டுபவர் கழியால் தள்ளிக்கொண்டு போவார். ஆற்றின் குறுக்கே சின்னத் தடுப்பணைகள் இருக்கின்றன. அவற்றில் தெப்பம் சறுக்கி இறங்கும்போது கால் நனையும். மேற்பகுதியில் இந்தச் சறுக்கல் அதிகம், கீழ்ப்பகுதி அமைதி. ஒன்றுதான் முடியும் என்றால் யூலோங் ஏறுங்கள்.

டிக்கெட் அதிகாரபூர்வமாக மட்டும் வாங்குங்கள், விடுதிக்காரர் உதவுவார். பாஸ்போர்ட் வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு, முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மழை பலமாகப் பெய்து தண்ணீர் ஏறினால் தெப்பம் நிறுத்திவிடுவார்கள். அதற்காகத்தான் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம்? (பல வாசகர்கள்)

செப்டம்பர் பிற்பாதியிலிருந்து நவம்பர் வரை. மழை குறைவு, வெயில் இதம், ஓஸ்மாந்தஸ் பூ வாசம் ஊரெல்லாம் இருக்கும். ஆனால் அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை. அந்த நாட்களில் போகவே போகாதீர்கள். மே தின விடுமுறைக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இதே எச்சரிக்கை.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மழைக்காலம், ஜூனில் வெள்ளமும் வரும். இருந்தாலும் ஏப்ரல் மூடுபனியில் குன்றுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைகிற அழகு வேறு எப்போதும் கிடைக்காது. நனையத் தயார் என்றால் போங்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர் ஈரத்தோடு எலும்பில் இறங்கும். தென்சீன வீடுகளில் வடக்கைப் போல வெப்பக்குழாய் கிடையாது. ஆற்றில் நீரும் குறைந்து கப்பல் முழுத்தூரம் போகாமல் போகலாம்.

கூகுள் பே, வாட்ஸ்அப் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது? (பெங்களூருவில் வேலை பார்க்கும் வாசகர்)

கிளம்பும் முன் வீட்டிலேயே அலிபே, வீசாட் என்ற இரண்டு சீனச் செயலிகளையும் பணம் கட்ட நிறுவி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். ஒன்று மறுத்தால் இன்னொன்று உதவும். அலிபேயில் 200 யுவானுக்கு மேல் போகும் தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள், அதற்குள் இருந்தால் இல்லை. கிராமத்துப் பாட்டி பம்பளிமாஸ் விற்கும் கூடையிலும் கியூஆர் அட்டை தொங்கும். ஆனாலும் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே உள்ளூர் இணையத்தில் வராது. ஊரிலிருந்தே ரோமிங் அல்லது வெளிநாட்டு இ-சிம் எடுத்துப் போனால் அவை வேலை செய்யும். விடுதி வைஃபையில் செய்யாது. வரைபடத்துக்கு அமாப் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் சீனப் பெயரையும் முகவரியையும் படமாகச் சேமியுங்கள்.

மலேசியாவிலிருந்து போகிறோம். விசா தேவையா? மலையேற நல்ல இடம் எது? (ஈப்போ வாசகர்)

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், சிங்கப்பூருக்கும் அப்படியே.

மலைக்கு: ஷிங்பிங்கின் லாவ்சாய் குன்று உச்சியிலிருந்து ஆறு பெரிய வளைவாகத் திரும்புவது கண்முன்னே விரியும். பாதை மிகச் செங்குத்து. மழைக்குப் பிறகு ஏற வேண்டாம். பாதையை மூடிவைத்திருந்தால் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம். எதிர்க்கரையில் ஷியாங்கோங் குன்றுக்குப் படி கட்டியிருக்கிறார்கள், நுழைவுக்கட்டணம் உண்டு, ஏறுவது சுலபம். குன்றின் நடுவே பெரிய ஓட்டை விழுந்த நிலாக் குன்றுக்குச் சுமார் 800 படி. யாங்டியிலிருந்து ஷிங்பிங் வரை ஆற்றோரம் நடந்தே வருகிற பழைய பாதை ஒன்றும் உண்டு. வழியில் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், அந்தப் படகு எல்லா நாளும் கிடைக்காது. முந்தைய நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா? சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறது. (சேலம் வாசகர்)

அந்த அனுமதியைச் சீனா ஏற்பதில்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத மின்சைக்கிளுக்கு உரிமம் வேண்டாம். அதைவிட வேகமாகப் போவது மோட்டார் சைக்கிள் கணக்கில் வரும். உரிமம் இல்லாமல் விபத்தானால் பயணக் காப்பீடு கைகொடுக்காது. கடைக்காரர் "பரவாயில்லை" என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மின்சைக்கிள் எடுங்கள், தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். யூலோங் கரைக்குச் சாதா சைக்கிளே போதும்.

நீர்க்காகத்தோடு தெப்பத்தில் நிற்கும் தாடிக்காரப் பெரியவரைப் படம் எடுக்கலாமா? காசு கேட்பார்களாமே? (புதுச்சேரி வாசகி)

கேட்பார்கள், கொடுக்க வேண்டியதுதான். பறவையின் கழுத்தில் கயிறு கட்டி, பெரிய மீனை விழுங்க முடியாமல் செய்து, அதைப் பிடுங்கிக்கொள்ளும் பழைய மீன்பிடி முறை இது. இன்றைக்கு அதைத் தொழிலாகச் செய்து பிழைக்க முடியாது. அந்தப் பெரியவர்களுக்குப் படத்துக்கு நிற்பதே வருமானம். எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். பறவையைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. நாள் முழுக்க கைமாறிக்கொண்டே இருக்கும் உயிர் அது.

பவர் பேங்க் எடுத்துப் போகலாமா? (வேலூர் வாசகர்)

சீன உள்நாட்டு விமானங்களில் 3சி (சீனாவின் பாதுகாப்புச் சான்று) முத்திரை இல்லாத பவர் பேங்க்குகளை 2025 ஜூன் 28 முதல் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. குவாங்சோவிலிருந்து குய்லினுக்கு விமானத்தில் போவதாக இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் கொண்டுபோகலாம். ஆனால் 100 வாட்-மணிக்கு மேற்பட்டதை விடமாட்டார்கள். பழம் நறுக்கக் கத்தி வைத்திருந்தால் அதையும் ரயில் நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.