மழலையர் வகுப்பில் விளையாடிக்கொண்டே இருந்தால் எழுத்து எப்போது வரும்?

கேள்வி: கேரள எல்லையில், கோவிந்தாபுரம் பக்கம், பள்ளியோடு சேர்ந்த மழலையர் வகுப்பில் இந்த ஆண்டுதான் டீச்சராகச் சேர்ந்தேன். 3 வயதிலிருந்து 5 வயது வரை 24 பிள்ளைகள், ஒரே அறை. பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் மலையாளம். விளையாட்டு வழியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் பொம்மைகளை எடுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் சண்டை, அழுகை. பெற்றோர்களோ, "பொள்ளாச்சியில் எல்கேஜி பிள்ளை நோட்டு நிறைய எழுதுது, இங்கே வெறும் ஆட்டந்தானா?" என்று கேட்கிறார்கள். பேசாமல் எழுத வைக்க ஆரம்பித்துவிடட்டுமா?

பதில்: டீச்சர், மூன்று வயதுப் பிள்ளை கையில் நோட்டையும் பென்சிலையும் திணிக்க வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். அதே சமயம், பெற்றோர் கேட்பதைத் தள்ளிவிடவும் வேண்டாம். காலையில் தோப்பு வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கு, பிள்ளை அன்றைக்கு என்ன கற்றது என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். அவர் கண்ணில் படுகிற ஒரே சாட்சி நோட்டு. வேறு சாட்சியை நாம் காட்டாதவரை அவர் நோட்டைத்தான் கேட்பார்.

பொம்மைகளைக் கொட்டிவிட்டு டீச்சர் பதிவேடு எழுத உட்கார்ந்துவிட்டால் அது விளையாட்டு வழிக் கல்வி ஆகாது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது கவனிக்க வேண்டும், சமயம் பார்த்து ஒரு கேள்வி போட வேண்டும், முடிந்ததும் பேச வேண்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்வதைவிட இதில் உழைப்பு அதிகம். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பெரியவர் ஒரு நோக்கத்தோடு கூடவே இருந்து மெல்ல வழிகாட்டும் விளையாட்டில், நேரடிப் பாடத்துக்குச் சளைக்காமல் பிள்ளைகள் கற்றிருந்தார்கள். தொடக்கக் கணக்கு, வடிவங்களை அறிவது போன்றவற்றில் ஒரு படி மேலாகவே கற்றிருந்தார்கள். பெரியவர் கூட இருப்பது அங்கே முக்கியமான விஷயம்.

முதலில் சண்டையை முடிப்போம். அது அடங்காமல் மற்றது எதுவும் நடக்காது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட கவனிப்பு இன்றைக்கும் உதவுகிறது. சின்னப் பிள்ளைகள் முதலில் தனியாக ஆடுகிறார்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுகிறார்கள். அதற்கும் பிறகுதான் சேர்ந்து ஆடப் பழகுகிறார்கள். உங்கள் மூன்று வயதுக்காரர்களில் பெரும்பாலோர் நடுக்கட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் நடுவே ஒரே ஒரு அழகான காரை வைத்து "எல்லாரும் பங்கு போட்டு விளையாடுங்க" என்றால் அழுகைதான் மிஞ்சும். அந்தக் காரை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரே மாதிரியான டப்பா ஆறு போடுங்கள்.

அறையை நான்கு மூலையாகப் பிரியுங்கள். ஒன்றில் மரக்கட்டைகள், கீழே ஒரு சாக்கு விரித்தால் சத்தம் பாதியாகும். ஒன்றில் சொப்புச் சாமான், ஒன்றில் மணல் அல்லது தண்ணீர், சன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் படப் புத்தகமும் வரையத் தாளும். ஒவ்வொரு மூலையிலும் தரையில் சாக்பீஸால் ஆறு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு ஒரு பிள்ளை. வட்டம் நிறைந்திருந்தால் வேறு மூலை பார்க்க வேண்டும். "இங்க ஒரு இடம் பாக்கி இருக்கு" என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்ல ஆரம்பிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தது 45 நிமிடம் கொடுங்கள். எங்கே போவது, எதை எடுப்பது என்று தீர்மானிக்கவே பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் போய்விடும். கால் மணியில் மணி அடித்தால், ஆட்டம் சூடு பிடிக்கும்போதே கலைத்துவிடுகிறோம். தொடங்கும் முன் "இன்னைக்கு எந்த மூலை, என்ன செய்யப்போறே?" என்று கேளுங்கள். முடிந்ததும் நான்கைந்து பேரை உட்கார வைத்து "என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி ஊரில் நடந்த பெர்ரி மழலையர் பள்ளியிலிருந்து வளர்ந்த முறை இது. திட்டம் போடு, செய், திரும்பிப் பார் என்ற மூன்றுக்கும் காசு செலவே இல்லை.

கேரள அரசின் வர்ணக்கூடாரம் திட்டத்தில் மழலையர் வகுப்புக்கு 13 இடங்கள் அமைக்கிறார்கள்: மொழிக்கு, கணக்குக்கு, வரைய, கட்ட, ஆடிப்பாட என்று. உங்கள் பள்ளிக்கு அது வந்திருந்தால் நல்லது. வராவிட்டாலும் கவலை இல்லை. என் கருத்தில், சுவரில் தீட்டிய யானையையும் சிமெண்ட் காளானையும் பிள்ளை ஒரு வாரம் பார்க்கும். இடம் மாற்றி, அடுக்கி, கலைத்து ஆடக்கூடிய பொருளை வருஷம் முழுக்கத் தேடி வரும். சிரட்டை, பனங்கொட்டை, நுங்குக் கூடு, அட்டைப் பெட்டி, பழைய துண்டு: உங்கள் ஊரில் இதற்கு என்ன பஞ்சம்? ஒரே எச்சரிக்கை, குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, கடித்தால் கடும் விஷம். புளியங்கொட்டை போல மூக்கிலோ காதிலோ போகக்கூடியதும் இந்த வயதுக்கு ஆகாது.

இப்போது ஒரு மூலையை நெருங்கிப் பார்ப்போம். மற்ற ஊர்களுக்கு முன்பே உங்கள் பக்கத்து முதலமடை மாங்காய் சந்தைக்கு வந்துவிடும். தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றுவதை உங்கள் பிள்ளைகள் வீட்டாரோடு நின்று பார்த்திருப்பார்கள். அப்படியானால் சொப்புச் சாமான் மூலையை ஒரு மாதம் மாங்காய் மண்டியாக்கிவிடுங்கள். காற்றுக்கு உதிர்ந்த காய் ஒரு கூடை, ஒரே அளவுள்ள அட்டைப் பெட்டி நாலு, பழைய செய்தித்தாள், குச்சியில் இரண்டு சிரட்டை கட்டிய தராசு, பில் எழுதத் துண்டுத்தாள், ஒரு பென்சில். இவ்வளவு போதும். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் பாருங்கள். யார் பிரிக்கிறார், யார் முதலாளி, யார் ஓரமாக நின்று பார்க்கிறார் என்று தெரியும்.

இரண்டாம் நாள் நீங்கள் வியாபாரியாக உள்ளே போங்கள். "பொள்ளாச்சியில இருந்து வர்றேன். பெட்டி என்ன விலைங்க?" என்று கேட்டால் ஆட்டம் கலையாது. ஒரு பிள்ளை பெரிய காயாக எட்டு அடுக்கியதும் பெட்டி நிறைந்துவிட்டது என்று வையுங்கள். "இதே பெட்டியில சின்னக் காய் போட்டா எத்தனை பிடிக்கும்?" என்று கேளுங்கள். "எட்டுத்தான்" என்று ஒருவன் சொல்வான். திருத்தாதீர்கள். "போட்டுப் பார்க்கலாமா?" என்று மட்டும் சொல்லுங்கள். எட்டைத் தாண்டி ஒன்பது, பத்து என்று காய் உள்ளே போகும்போது அவன் முகத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் வெளியே கொட்டி மறுபடி எண்ணுவான். இடம் ஒன்றுதான், அளவுப் பொருள் சிறிதானால் எண்ணிக்கை கூடும்: அளத்தல் என்ற பாடத்தின் வேரே இதுதான். பின்னாளில் சென்டிமீட்டரும் மீட்டரும் வரும்போது இதன்மேல்தான் நிற்கும்.

"இது என்ன நிறம்? இது எத்தனை?" என்று அடுக்கடுக்காகக் கேட்டால் ஆட்டம் பரீட்சையாகிவிடும். பிள்ளை எழுந்து வேறு மூலைக்குப் போய்விடும். விடை உங்களுக்கே தெரிந்த கேள்வியைக் குறையுங்கள். "இப்படி ஏன் வச்சே?", "இது சரிஞ்சா என்ன பண்ணுவே?" என்பவை நல்ல கேள்விகள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி போதும்.

இரண்டு மொழி கலந்த வகுப்பு என்று கவலைப்படுகிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அது சந்தோஷமான செய்தி. அந்த மண்டியிலேயே ஒரு பிள்ளை "பெரிசு" என்னும், இன்னொன்று அதையே மலையாளத்தில் "வலுது" என்னும். கையில் இருப்பது ஒரே மாங்காய் என்பதால் யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்துவிடும். நீங்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஆமா, பெரிசு, நல்ல வலுது." வீட்டு மொழியில் பேசும் பிள்ளையை நிறுத்தி வகுப்பு மொழிக்கு மாற்றாதீர்கள். 3 முதல் 8 வயது வரைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2022 அக்டோபரில் வந்தது. கற்பித்தலின் நடுவில் விளையாட்டு இருக்க வேண்டும், தொடக்கத்தில் வீட்டு மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற இரண்டையும் அது சொல்கிறது. தலைமையாசிரியர் கேட்டால் தைரியமாக எடுத்துக்காட்டுங்கள். புது மொழி கேட்கும் பிள்ளை சில மாதம் வாய் திறக்காமல் இருப்பதும் வழக்கம்தான். ஆட்டத்தில் அது கையால் பங்கெடுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கணக்குக்கு இன்னொரு எளிய வழி. தரையில் ஒரே வரிசையில் பத்துக் கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். 1, 2 என்று மட்டும் எழுதிய கட்டையை உருட்டி, பிள்ளை அத்தனை கட்டம் நகர வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய இருவரும் 2008இல் இதே மாதிரி ஆட்டத்தை வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 15 நிமிடம் வீதம் நாலு முறை ஆடியதிலேயே எண்ணறிவு கூடியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகரக் கூடாது, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர வேண்டும். பலன் அதில்தான் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் இந்த எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பது உங்களுக்கு இன்னும் வசதி.

சரி, எழுத்துக்கு வருவோம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பன்னிரண்டு வயதை ஒட்டி ஆகிவிடும். மூன்று வயதில் பிள்ளை வட்டம் போடும், நாலில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டி முக்கோணம். நம் 'அ' என்ற எழுத்தைப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்கோடு எல்லாம் ஒன்றிலேயே இருக்கின்றன. கைக்கும் கண்ணுக்கும் அந்தப் பழக்கம் வருமுன் நோட்டில் நூறு முறை எழுதச் சொன்னால், பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி பிறகு மாறுவது சிரமம். பொள்ளாச்சிப் பிள்ளையின் நோட்டு நிறைந்திருக்கலாம். அந்த விரல்கள் வலித்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

விரலுக்கு வலு தரும் வேலை நிறைய இருக்கிறது. மாவு பிசைந்து உருட்டுவது, மொச்சைக் காய் உரிப்பது, ஈரத்துணி பிழிவது, கொடியில் கிளிப் மாட்டுவது, தாளைக் கிழித்து ஒட்டுவது. இவை தினமும் நடக்கட்டும். நாலு வயதுக்கு மேல் தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுத்து. 1907இல் ரோமில் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்துத்தான் எழுத்துக்குக் கொண்டுபோனார். உங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்துத்தானே எழுத வைக்கிறார்கள்? ஐந்தை நெருங்கும்போது ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளை முதலில் எடுங்கள். பெயர் எழுத ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்காதீர்கள், ஆசை வந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பது திணிப்பு ஆகாது.

இனி பெற்றோருக்கான சாட்சி. மண்டியில் பிள்ளை பில் என்று கிறுக்கிய துண்டுத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தேதி போட்டு, அன்று பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள்: "பத்துப் பெட்டி, லாரிக்காரர் வரலே." பிள்ளைக்கு ஒரு கோப்பு. மாதம் இரண்டு தாள் போதும், 24 பேருக்கு வாரம் பன்னிரண்டு குறிப்புதான். ஜூன் மாதக் கிறுக்கலையும் ஜனவரியில் வரிவரியாக வந்த கிறுக்கலையும் பக்கத்தில் வைத்தால், எழுத்து வந்துகொண்டிருப்பது அம்மாவுக்கே தெரியும். பெற்றோர் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, அவர்களையே மூலைகளில் உட்கார வையுங்கள். மண்டியில் பெட்டி அடுக்கிய அப்பாவிடம், அவர் மகள் அந்த எட்டுக் காய்க் கேள்விக்கு என்ன சொன்னாள் என்று கோப்பைத் திறந்து காட்டுங்கள். மாந்தோப்பில் வேலை செய்கிறவருக்கு அதில் இருக்கும் கணக்கை நீங்கள் விளக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாலு வயதாகியும் வீட்டிலும் வகுப்பிலும் எந்த மொழியிலும் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பாவனை ஆட்டம் எதிலுமே சேராத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டது என்று யாராவது சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் அப்படி ஆவதில்லை. அம்மாவிடம் தனியாக, பயமுறுத்தாமல் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அந்தத் திட்டக் குழு பள்ளிக்கு வரும் நாளில், மூலைகளில் பார்த்து நீங்கள் எழுதிய குறிப்புகளோடு அந்தக் கோப்பையும் கையில் கொடுங்கள்.